இழுக்கிறது ஆர்?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து வரியில் நிற்காது, மேலே ஏறும், கீழே இறங்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் குழப்பம். கிளிவெட்டியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஊரே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இருபது வருசத்துக்கு மேல் கயிறு பிடித்த கை இது. பேனையைக் கொடுத்தாலும் கயிறு என்று நினைத்து இறுக்கிப் பிடிக்கிறது. பிழைகளை அக்காவின் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் எழுத வந்தது ஒரு டீச்சரைப் பற்றி. பெயர் எழுதமாட்டேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்க வழியில்லை. திருகோணமலையை விட்டுப் போவதற்கு அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. அவரால் அசைய முடியாமல் இருந்தது. அந்த நாட்களில் அவரைத் தினமும் பார்த்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது சண்டை முடிந்திருந்தது. மூதூருக்குப் போகும் தரைவழிப் பாலங்கள் எல்லாம் இன்னும் கட்டி முடியவில்லை. காலையில் திருகோணமலை இறங்குதுறையான ஜெட்டியில் இருந்து, எஞ்சின் படகான ஒரு லோஞ்ச் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும், பின்னேரம் திரும்பி வரும். அலுவலக வேலைக்குப் போகிற கந்தோர்க்காரர், ஆசிரியர்கள், வியாபாரிகள் எல்லோரும் அதில்தான். நான் அந்த லோஞ்சில் கயிற்றுக்காரன். கரையில் கட்டுவது, அவிழ்ப்பது, சாமான் ஏற்றி இறக்குவது என் வேலை. டீச்சர் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மெலிந்த ஆள். எப்போதும் ஒரு தோள் தாழ்ந்திருக்கும், பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் நிறைந்த பை தொங்குகிற தோள்.

எல்லோருக்கும் முதலில் ஜெட்டிக்கு வருவார், எல்லோருக்கும் கடைசியில் ஏறுவார். ஜெட்டியில் உள்ள நீளமான சீமெந்து வாங்கில் உட்கார்ந்து கொப்பி திருத்துவார். லோஞ்ச் ஆடினால் சிவப்புப் பேனை வழுக்கி, சரியான விடைக்கும் கோடு விழுந்துவிடும் என்பார். அதனால் நான் பின்கயிற்றை அவிழ்த்துவிட்டு, முன்கயிற்றை இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்காக நிற்பேன். அவர் கொப்பியை மூடி, பையில் வைத்து, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கால் வைக்கும் வரைக்கும் லோஞ்சை நான் பிடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் டிரைவர் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், என்னடா சும்மா நிக்கிறாய்?" என்று கத்தினார்.

டீச்சர் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கினார். "அவர் சும்மா நிக்கேல்லை அண்ணன். லோஞ்ச் அங்கால இழுக்குது, அவர் இஞ்சால இழுக்கிறார். ரெண்டும் சரிக்குச் சரியா இருக்கிறபடியால்தான் உங்களுக்கு ஒண்டும் நடக்காத மாதிரித் தெரியுது. அவற்ற கையைப் பாருங்கோ."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நரம்புகள் புடைத்திருந்தன. எனக்குக் கடலில் குதிக்கலாம் போல் இருந்தது. நான் ஆட்கள் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறவன். ஆனால் அதுவரைக்கும் என்னைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. வீட்டிலும் ஊரிலும் எனக்கிருந்த பெயர் மரக்கட்டை. அக்காவின் புருசன், அத்தான், என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

டீச்சரின் குணமே அதுதான். சும்மா என்ற சொல் அவருக்கு ஆகாது. "எப்பிடி டீச்சர் இருக்கிறீங்கள்?" என்று யாராவது கேட்டால் "சும்மா இருக்கிறன்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிற பதிலை அவர் சொல்லமாட்டார். "விழாமல் இருக்கிறன்" என்பார். சுவரில் சாய்ந்து நிற்கிறவனைப் பார்த்தால், "சுவரும் உங்களைத் தள்ளிக்கொண்டுதான் நிக்குது, தெரியுமோ?" என்பார். அசையாமல் கிடக்கிற எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இழுக்கிறது ஆர்? மற்றப் பக்கம் பிடிச்சிருக்கிறது ஆர்?" கிழமைக்கு ஒருமுறை யாராவது இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். "டீச்சர் வாறா, ஒருத்தரும் சும்மா இருக்காதேங்கோ" என்பது லோஞ்சில் சொல்லிச் சிரிக்கிற ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

அவரோடு அதிகம் மல்லுக்கு நின்றவர் தயிர் நானா; முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நாங்கள் நானா என்போம். மூதூர்க்காரர். பின்னேர லோஞ்சில் எருமைத்தயிர்ச் சட்டிகளோடு வருவார், காலையில் வெறும் சட்டிகளோடு திரும்புவார். ஒரு பின்னேரம் லோஞ்ச் ஜெட்டியில் கொஞ்சம் பலமாக முட்டியது. நானா அடுக்கி வைத்திருந்த சட்டிகள் அப்படியே முன்னுக்கு வழுக்கி வந்து, இரண்டு அடுக்குச் சரிந்து உடைந்தது. பலகை முழுக்கத் தயிர். நானா டிரைவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"கண் தெரியாட்டி வீட்டில கிட மனுசா! என்ட சட்டியத் தள்ளி உடைச்சுப் போட்டாயே!"

"நானா, அவர் சட்டியைத் தள்ளேல்லை" என்றார் டீச்சர், சேலையைத் தயிர் படாமல் தூக்கிக்கொண்டு. "லோஞ்சும் சட்டியும் ஒண்டாத்தான் வந்தது. லோஞ்சை ஜெட்டி நிப்பாட்டினது. சட்டியை ஆர் நிப்பாட்டினது? அது வந்த பாட்டில போனது."

"அப்ப சட்டிக்கும் ஒரு பிரேக் பூட்டச் சொல்றீங்களா டீச்சர் புள்ள?"

"இதுக்குப் பேர் சடத்துவம் நானா. போறது போய்க்கொண்டே இருக்கப் பாக்கும். நிக்கிறது நிண்டுகொண்டே இருக்கப் பாக்கும்."

"பேர் வெச்சா சட்டி உடையாதா?"

லோஞ்ச் முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு குந்தியிருந்து நானாவோடு சேர்ந்து சட்டி ஓடு பொறுக்கினார். அன்றிலிருந்து ஜெட்டி கிட்ட வரும்போது நானாதான் முதலில் கத்துவார்: "கம்பியப் புடிங்க, லோஞ்ச் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க!"

ஒருநாள் டீச்சர் என்னிடம் வந்தார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வீட்டுக்கு வர ஏலுமோ? ஒரு கயிறு கட்டவேணும்" என்றார். அவருடைய அப்பா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். கட்டிலுக்கு மேலே கூரையின் குறுக்குமரமான வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் நல்ல கையால் பிடித்துத் தானாக எழும்பி இருப்பார் என்பது டீச்சரின் எண்ணம்.

வீட்டைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். அவ்வளவு பெரியது. கீழே நாலு அறை. ஓட்டுக்கூரை போட்ட பின்னறையில் அப்பா, இன்னொன்றில் டீச்சர், மற்ற இரண்டிலும் சீமெந்துப் பையும் பலகையும். முன்பக்கத்துக்கு மேலே தட்டுப் போட்டு, தூண்களுக்குக் கம்பி விட்டபடி நின்றுபோயிருந்தது. உள்ளே இருந்து ஒரு படிக்கட்டு ஏறிப்போய் வெறும் வானத்தில் முடிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. அவளுக்கென்றே கட்டுவார்கள், அவள் பெயரில்தான் எழுதுவார்கள். கலியாணம் செய்கிறவன் அந்த வீட்டுக்கு வருவான். டீச்சருடைய அண்ணன் வெளிநாட்டில் இருந்து உழைத்து அனுப்பிக் கட்டின வீடு அது. வீடு முடியட்டும், பிறகு மாப்பிள்ளை பார்ப்போம் என்று கலியாணத்தை நிறுத்திவைத்தார்களாம். ஒரு கலியாணம் முற்றாகட்டும், பிறகு வருகிறவனுக்குப் பிடித்த மாதிரி மேல்மாடியை முடிப்போம் என்று வீட்டை நிறுத்திவைத்தார்களாம். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. வருசங்கள் போயின. அம்மா செத்துப்போனார். அப்பா விழுந்தார். டீச்சர் இதை என்னிடம் படிக்கட்டைக் காட்டிச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். "ரெண்டும் சரிக்குச் சரி, தம்பி. வகுப்பில காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனா பிள்ளையளை வீட்டுக்குக் கூட்டிவர ஏலாதே."

அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர். உடம்பில் பாதி போனாலும் வாய் முழுதாக இருந்தது.

"ஆர் இது?"

"லோஞ்சில கயிறு பிடிக்கிற தம்பி, அப்பா."

"நல்லது. இந்த வீட்டில எல்லாரும் கட்டுப்பட்டுத்தான் கிடக்கிறம். கயிறு ஒண்டுதான் குறையாக் கிடந்தது."

நான் வளையில் ஏறிக் கட்டினேன். கயிற்றை அவர் கண் சுருக்கிப் பார்த்தார். "எத்தினை அந்தர் நிறை தாங்கும்?"

"உங்களைத் தாங்கும் ஐயா."

"என்னைத் தாங்கிறது பெரிய விசயமில்லை. என்ர வாயைத் தாங்குமோ எண்டு இவளைக் கேள்." கயிற்றைப் பிடித்து மெல்ல எழும்பினார். முகம் சிவந்தது. எழும்பி இருந்துகொண்டு எனக்குச் சொன்னார்: "தம்பி, இவளை வெளிநாட்டில ரெண்டு வருசம் படிக்கக் கூப்பிடுறாங்கள். இது முதல் தரமில்லை. முந்தியும் கூப்பிட்டவங்கள், அப்ப தாய் நோயில கிடக்கிறா எண்டு நிண்டவள். இப்ப நான். ஆர் இவளைப் பிடிச்சு வைச்சது? போ எண்டுதான் சொல்றன். நாளைக்கே போ. நான் கிடந்து பாக்கிறன்."

டீச்சர் யன்னலைத் திறந்துவிட்டார்.

"பிள்ளை, தலகணியைக் கொஞ்சம் உயர்த்திவிடு" என்றார் அப்பா, அதே மூச்சில். "தண்ணி ஆறிப்போச்சு, வேற கொண்டு வா. யன்னலைச் சாத்து. எங்கை போறாய், இஞ்சை இரு."

திரும்பி வரும்போது வாசல் படலை வரைக்கும் டீச்சர் வந்தார். "அப்பா பொய் சொல்லேல்லை தம்பி. போ எண்டு சொல்றதும் உண்மை, இரு எண்டு சொல்றதும் உண்மை" என்றார்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு பின்னேரம், மூதூரில் இருந்து வரும்போது நடுக்குடாவில் எஞ்சின் நின்றுவிட்டது. டிரைவர் அண்ணன் உள்ளே இறங்கித் தட்டிக்கொண்டிருந்தார். நான் நங்கூரத்தை விட்டேன், கயிறு முழுக்க ஓடியும் தரை பிடிக்கவில்லை. எங்கள் குடா நடுவில் அவ்வளவு ஆழம். லோஞ்ச் எங்காவது இழுபட்டுப் போய்விடும் என்று பயந்தோம். ஆனால் போகவில்லை. தூரத்தில் தெரிந்த வெளிச்சவீடு, கப்பலுக்கு வழிகாட்டும் கோபுரம், ஒரே இடத்தில் நின்றது. குடாவில் வந்து விழுகிற எங்கள் ஊர்க் கங்கையின் தண்ணீர் வெளியே தள்ளியது, காற்று உள்ளே தள்ளியது. நாங்கள் நடுவில். வெயில் தகரக் கூரையில் அடித்து உள்ளே இறங்கியது. ஒரு குழந்தை அழுது அழுது களைத்துத் தூங்கிப்போனது.

"எவ்வளவு நேரமா சும்மா நிக்கிறம்" என்றார் நானா. சொன்னவுடனேயே வாயைப் பொத்திக்கொண்டார். "மறந்துட்டன் டீச்சர் புள்ள. சும்மா இல்ல. ரெண்டு பேர் இழுக்கிறாங்க."

"தள்ளுறாங்கள்" என்று திருத்தினார் டீச்சர்.

"சரி, தள்ளுறாங்க. ஒராள் விட்டா நாம போகலாமே?"

"விட்டா மற்ற ஆள் தள்ளுற பக்கம் போவம் நானா. அது எங்கட வீட்டுப் பக்கமோ, வெளிக்கடலோ, ஆருக்குத் தெரியும்?"

"படிச்ச ஆக்கள்ட கதையக் கேட்டா நெஞ்சு அடைக்குது" என்று நானா மறுபக்கம் திரும்பிவிட்டார்.

டீச்சர் எழும்பி வந்து நான் இருந்த கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் நின்றார். வெளிச்சவீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கயிறு அறுந்தா உங்களுக்குச் சத்தம் கேக்கும். அறாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கிற கயிற்றின்ர சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது." நான் கையில் இருந்த கயிற்றின் பிரிகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய முதுகு தெரிந்தது. சேலை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவ்வளவு திறந்த கடலில், நாலு பக்கமும் வெளி, ஆனால் அறைக்குள் பூட்டப்பட்ட ஒருவரைப் போல அவர் நின்றார். பொழுது படுகிற நேரம் எஞ்சின் கிளம்பியது. யாரும் கைதட்டவில்லை. அவ்வளவு களைத்திருந்தோம்.

மாரி தொடங்கும்போது அப்பா செத்துப்போனார். காலையில் கயிற்றைப் பிடித்து எழும்பி இருந்தவர், தேத்தண்ணி கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம்.

வெளிநாட்டில் இருந்து செத்த வீட்டுக்கு வந்த டீச்சரின் அண்ணன் திரும்பிப் போகும்போது, "இனி நீ போ. வீட்டைப் பூட்டிப்போட்டுப் போ. மேல்மாடியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். படிக்கக் கூப்பிட்டவர்களும் டீச்சருக்காகக் கொஞ்சம் தவணை கொடுத்திருந்தார்கள். மாத முடிவு வெள்ளிக்கிழமைக்குள் நகரத்தில் உள்ள கல்விக் கந்தோருக்குப் போய்ச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். அவ்வளவுதான். ஜெட்டியில் இருந்து நடந்து போகிற தூரம்.

லோஞ்சில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். நானா, "டீச்சர் புள்ள போறா, இனி நாமெல்லாம் சும்மா இருக்கலாம்" என்று அறிவித்தார்.

டீச்சர் போகவில்லை. ஒவ்வொரு காலையும் ஜெட்டிக்கு வந்தார். வாங்கில் இருந்து கொப்பி திருத்தினார். கடைசியாக ஏறினார். மூதூருக்குப் போனார், வந்தார். கந்தோர் திறக்கும்போது அவர் கடலில், மூடும்போதும் கடலில். "லீவு போடுங்களன் டீச்சர்" என்று ஒருவர் சொன்னபோது, "நாளைக்குப் பாப்பம்" என்றார். அடுத்தநாளும் அதையே சொன்னார்.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு நான் வீட்டுக்குப் போனேன். ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு பந்தல் கயிறுகளை அவிழ்த்துக்கொடுத்தேன். அப்பாவின் அறையில் கட்டிலை எடுத்திருந்தார்கள். நான் கட்டின கயிறு மட்டும் வளையில் இருந்து தொங்கியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, பந்தல்காரருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். விரல்கள் வெளுத்திருந்தன.

"இதை அவிழ்க்கட்டோ டீச்சர்?"

"வேண்டாம், அது கிடக்கட்டும்."

நான் வாழ்நாளில் பெரிய ஆட்களிடம் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது. "இப்ப இழுக்கிறது ஆர், டீச்சர்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கயிற்றை விடவில்லை.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி" என்றார். "எல்லாரும் நினைக்கினம், கட்டினது எல்லாத்தையும் அவிழ்த்துவிட்டா அது தானாப் போயிடும் எண்டு. போகாது. ரெண்டு கயிற்றையும் அவிழ்த்துப்போட்டு விட்டுப் பாருங்கோ, காத்தும் இல்லை, தண்ணியும் ஓடேல்லை எண்டா, உங்கட லோஞ்ச் நிண்ட இடத்திலதான் நிக்கும். முதலாம் பாடமே அதுதான். வருசா வருசம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன்." சிரிக்கப் பார்த்தார். "சொல்லிக் குடுக்கிறது லேசு."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. என் வேலையில் அதுதான் கடைசிப் பகுதி. இரண்டு கயிற்றையும் அவிழ்த்தபின் லோஞ்ச் தானாகப் போகாது. கயிறு தண்ணீரில் கிடக்கும்போது எஞ்சினைக் கியரில் போட்டால் அடியில் உள்ள விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதனால் நான் லோஞ்ச் விளிம்பில் இருந்துகொண்டு ஒரு காலை ஜெட்டிச் சுவரில் ஊன்றி உதைக்கவேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. சுவரை உதைப்பது போல இருக்கும், முதுகு முறியும். பிறகு ஒரு மயிரளவு தண்ணீர் தெரியும். பிறகு ஒரு விரல், ஒரு சாண். அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நிறுத்தச் சொன்னாலும் என்னால் நிறுத்த ஏலாது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது, காற்று இல்லை. டீச்சர் வழக்கம் போல வாங்கில் இருந்தார். கொப்பி மடியில் திறந்திருந்தது, சிவப்புப் பேனை கையில் இருந்தது, ஆனால் அவர் திருத்தவில்லை. ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏறிவிட்டார்கள். நானா வெறும் சட்டிகளை எண்ணுவது போல் தலை குனிந்திருந்தார். நான் பின்கயிற்றை அவிழ்த்தேன். முன்கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் கொப்பியை மூடினார். பையில் வைத்தார். எழும்பினார். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்தார்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை கயிற்றை விட்டது. நான் லோஞ்சுக்குத் தாவி, விளிம்பில் இருந்துகொண்டு காலை ஜெட்டிச் சுவரில் ஊன்றினேன். உதைத்தேன். லோஞ்ச் அசையவில்லை. இன்னும் உதைத்தேன். டீச்சர் ஜெட்டி ஓரத்துக்கு வந்துவிட்டார், ஒரு காலைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் மயிரளவு தண்ணீர் தெரிந்தது. அவர் காலைக் கீழே வைத்தார். ஒரு விரல். ஒரு சாண். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"டேய்!" டிரைவர் அண்ணன் உள்ளே இருந்து கத்தினார். "டீச்சர் விடுபட்டுப் போச்சு! என்னடா செய்றாய், மரக்கட்டை! திருப்பட்டோ?"

"திருப்பாத, மகன்" என்றார் நானா, தலையைத் தூக்காமல். "வெறுஞ் சட்டிதான், ஆனா ஆட்டினா உடையும்."

"பள்ளிக்கூடம் இருக்கெல்லோ அவவுக்கு!"

"ஒரு நாளைக்குப் புள்ளைகள் சும்மா இருக்கட்டும்."

டிரைவர் அண்ணன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார். டீச்சர் ஜெட்டியில் அதே இடத்தில் நின்றார். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. கோட்டை முனை திரும்பும் வரைக்கும் அவர் நிற்பது தெரிந்தது. திரும்பினபிறகு தெரியவில்லை.

அன்று மூதூர் ஜெட்டியில் சாமான் இறக்கும்போது ஒரு பெட்டியைக் கடலில் போட்டேன். பின்னேரம் வரும்போது, திருகோணமலை வரவே கூடாது என்றிருந்தது.

ஜெட்டியில் டீச்சர் நின்றார். காலையில் நின்ற அதே இடம். போகவே இல்லை, அங்கேயே நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். கயிற்றை எறிந்தேன். வழக்கமாகப் பிடிக்கிற ஆள் வருவதற்கு முதல் அவரே அதை எட்டிப் பிடித்தார். குற்றியில் சுற்றத் தெரியாமல் சுற்றினார். கையெல்லாம் உப்புத்தண்ணீர். அப்போதுதான் கவனித்தேன், தோளில் பை இல்லை. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தன.

"கையெழுத்து வைச்சிட்டன்" என்றார்.

நானா உள்ளே இருந்து "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தி, ஒரு தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அது டீச்சர் கைக்குப் போனது. எல்லோரும் இறங்கிக் கதைத்துச் சிரித்துப் போனபிறகு, அவர் பிழையாகச் சுற்றின கயிற்றை நான் அவிழ்த்துச் சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, காலமை நீங்கள் உதைச்சது எதை?"

"லோஞ்சை, டீச்சர்" என்றேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"இல்லை. உங்கட கால் எங்க பட்டது?"

"ஜெட்டியில."

"நான் நிண்டதும் ஜெட்டியிலதான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தயிர்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போனார்.

தை மாதம் போய்விட்டார். அடுத்த வருசம் பாலங்கள் எல்லாம் திறந்தார்கள். பஸ் நேராக மூதூருக்குப் போனது, லோஞ்சுக்கு ஆள் இல்லாமல் போனது. ஒருநாள் அதைக் கட்டினேன், பிறகு அவிழ்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் பாலத்தால் வந்திருப்பார், ஜெட்டிப் பக்கம் வரவேண்டிய தேவை இருந்திருக்காது. அந்த வீட்டுப் பக்கம் இடைக்கிடை போவேன். பூட்டிக் கிடக்கிறது. மேல்மாடிக் கம்பிகள் துருப்பிடித்து அப்படியே நிற்கின்றன. படலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

நான் அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். அத்தானுக்குக் கால் ஏலாது, கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான். ஈச்சிலம்பற்றில் தெரிந்த ஒருவர் படகு வேலைக்கு வா என்று மூன்று வருசமாகக் கூப்பிடுகிறார். நாளைக்குப் பார்ப்போம் என்கிறேன். யாராவது வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால், எனக்கு முதல் அத்தான் சொல்லிவிடுவார்: "அவன் சும்மா இருக்கிறான்."

போன மாதம் அக்காவின் மகள் விஞ்ஞானப் புத்தகத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு படம். ஒரு மேசை, அதன் மேல் ஒரு புத்தகம். புத்தகத்தில் இருந்து ஒரு அம்பு கீழே, ஒரு அம்பு மேலே. இரண்டும் ஒரே நீளம். நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளிடம் ஒரு பழைய கொப்பி கேட்டு வாங்கினேன்.

முதல் வரியை எழுத முடியவில்லை. எழுதுவேன், வெட்டுவேன். பேனையைப் பிடித்தபடி இருந்து, மூடி வைத்துவிட்டு எழும்பிப் போவேன். கிழமைக்கணக்கில் அப்படித்தான். இன்று காலை எல்லோரும் ஓட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மேசைக் காலில் என் காலை ஊன்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதையே முதல் வரியாக எழுதினேன். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

இப்போது வெளியே படலைச் சத்தம் கேட்கிறது. அவர்கள் வந்துவிட்டார்கள். அத்தான் உள்ளே வந்து என்ன செய்கிறாய் என்று கேட்பதற்கு முதல் தேதியைப் போட்டுவிடுகிறேன்.

2025 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.